கர்த்தருக்குக் காத்திருப்பவர் வேலை தேடலாமா?

"கர்த்தருக்குக் காத்திரு" என்கிறது 27-ஆம் சங்கீதம். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. வேலைக்காக ஜெபித்துவிட்ட பிறகு நானே அலைந்து தேடினால் அது அவிசுவாசம் ஆகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. தாராளமாகத் தேடுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பார்வோனின் சேனை இஸ்ரவேல் ஜனங்களைத் துரத்தி வந்தபோது செங்கடல் ஓரத்தில் மோசே சொன்ன வார்த்தையைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். பெரும்பாலான பிரசங்கங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அடுத்த வசனத்திலேயே கர்த்தர் மோசேயிடம், ஏன் என்னிடத்தில் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். பார்வோனின் சேனையோடு போரிடுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை; கடலுக்குள் நடப்பது அவர்கள் வேலையாக இருந்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஜனத்துக்குச் சொல்லப்பட்டவை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது எண்ணாகமம் 14. கர்த்தர் தருவதாகச் சொன்ன கானான் நாட்டைப் பார்த்துவரப் போன வேவுகாரர் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் சொன்னதைக் கேட்டு ஜனங்கள் பயந்தார்கள். கானானுக்குள் போக மாட்டோம் என்று அழுதார்கள். கர்த்தர் அவர்களைத் திரும்ப வனாந்தரத்துக்கே போகச் சொன்னார். மறுநாள் அதிகாலையில் அதே ஜனங்கள் மனம் மாறி மலை ஏறத் தொடங்கினார்கள். மோசே தடுத்தார், கர்த்தர் உங்களோடு இல்லை, போகாதீர்கள் என்றார். கேட்கவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மாவரைக்கும் முறியடித்தார்கள். நேற்று போகாதது கீழ்ப்படியாமை. இன்று போனதும் கீழ்ப்படியாமை. அதே ஜனம், அதே நாடு. ஆகவே செயல் நல்லதா, காத்திருத்தல் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் வேதத்தில் பதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டியது, எனக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான்.

கில்காலில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது: தீர்க்கதரிசி சாமுவேல் வரும்வரை ஏழு நாள் பொறுத்திரு. ஏழாம் நாளும் வந்துவிட்டது, சாமுவேலைக் காணவில்லை, ஜனங்கள் சிதறுகிறார்கள், எதிரிகளான பெலிஸ்தர் மிக்மாசில் கூடியிருக்கிறார்கள். சவுல் தானே பலியைச் செலுத்தினான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நின்றார். மற்றவர் கைவிட்டுப் போவதைப் பார்த்துப் பயந்து எடுத்த முடிவு அது. வேதம் அவன் செயலைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம்தான் கண்ணில் படுகிறது. பயம் சிலரை ஓடவைக்கும், சிலரைக் கட்டிப்போடும். கானானின் எல்லையில் அது ஜனங்களைக் கட்டிப்போட்டது.

பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவையும் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடப்பதைக் கிஸ்லேவ் மாதத்தில் கேள்விப்பட்டு உபவாசித்து ஜெபித்தார். ராஜாவிடம் வாய் திறந்தது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, நிசான் மாதத்தில். ராஜா கேட்ட அந்தக் கணத்திலும் மனதுக்குள் ஜெபித்துவிட்டே பதில் சொன்னார். கடிதங்களும் மரமும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிரிகள் சூழ்ந்தபோது ஜெபமும் பண்ணினார், காவலும் வைத்தார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் அனுப்பாதிருக்கும்படி உங்களுக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. அப்படியானால் அனுப்புவதில் என்ன தடை? நேர்காணலுக்கு நன்றாகத் தயாராகுங்கள். தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். காத்திருத்தல் உங்களுக்குத் தேவைப்படுவது வேறு இடத்தில்: பதில் வராத வாரங்களில், பொய்ச் சான்றிதழோ லஞ்சமோ குறுக்குவழியாக எதிரே வந்து நிற்கும்போது. அங்கே சும்மாயிருக்க மிகுந்த பெலன் வேண்டும். அதற்காக நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.