முதுகு இருக்கட்டும், அந்த உள்ளங்கையைக் காட்டுங்கள்

இல்லை, கோல்ஃப் மட்டையைச் சுழற்றி வீசும் உங்கள் ஸ்விங் உங்களை முடக்கிப் போட்டுவிடாது. கடிதம் முழுக்க நீங்கள் கேட்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 52 வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) லேசாகப் பிதுங்கியிருக்கிறது' என்று ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் தேடி, கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் முதுகு அறுவை சிகிச்சைகளை எண்ணிப் பார்த்து, 'எனக்கும் இதே கதிதானா, கோல்ஃபை விட்டுவிட வேண்டுமா?' என்று கேட்கிறீர்கள். முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலே சுமார் 60 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் தெரியும். தலை நரைப்பதுபோல இதுவும் வயதோடு வருவது. உங்கள் வலி இடுப்போடு நிற்கிறது, காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை, கொஞ்சம் நடந்தால் தளர்ந்துவிடுகிறது. விளையாட்டை விடச் சொல்லும் முதுகு இல்லை இது. வுட்ஸின் கதையையும் பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்: 2017 ஏப்ரலில் முதுகெலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2019 ஏப்ரலில் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடிதத்தின் கடைசி வரி. மூன்று வாரம் முன்பு பயிற்சிக்கான செயற்கைப் புல் விரிப்பில் அடிக்கும்போது கிளப் (கோல்ஃப் மட்டை) பந்துக்கு முன்னாலேயே தரையில் மோதியது. அன்றிலிருந்து இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் வலி. பிடியில் பலம் இல்லை. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அதனால் விளையாடப் போகுமுன் ஒரு வலி மாத்திரை. முதுகுக்கு இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் இதைப் போகிற போக்கில் சொல்லி முடித்துவிட்டீர்கள். உடனே கவனிக்க வேண்டியது இதுதான்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. அவற்றில் சுண்டுவிரல் பக்கம் இருப்பது ஹேமேட். அதிலிருந்து உள்ளங்கையை நோக்கி ஒரு சின்னக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வலது கைப் பழக்கமுள்ளவர் கிளப்பைப் பிடிக்கும்போது கைப்பிடியின் முனை இடது உள்ளங்கையில் சரியாக அந்த இடத்தில்தான் உட்காரும். பந்தை மட்டும் அடிக்கும்வரை பிரச்சினை இல்லை. கிளப் தரையிலோ, மரத்தின் வேரிலோ, கெட்டியான தரைமேல் போட்ட பயிற்சி விரிப்பிலோ மோதி நின்றால், அந்த வேகம் முழுவதும் கைப்பிடி முனை வழியாகக் கொக்கியில் இறங்கும். கொக்கி அடியோடு முறியலாம். கை வீங்க வேண்டும் என்றுகூட இல்லை. அதனால்தான் பலரும் 'சுளுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்-ரேயை நம்பி நிம்மதியாக இருக்கிறீர்கள். நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் வழக்கமான மணிக்கட்டு எக்ஸ்-ரேயில் இந்தக் கொக்கி மற்ற எலும்புகளுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். முறிவு இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. மணிக்கட்டைப் பின்னால் வளைத்து உள்ளங்கையின் அடியிலுள்ள சுரங்கம் போன்ற பகுதியைப் படமெடுக்கும் தனிக் கோணம் ஒன்று உண்டு. அதைவிடத் தெளிவாகச் சொல்வது சி.டி. ஸ்கேன்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அந்தக் கொக்கிக்கு ரத்த ஓட்டம் குறைவு, தானாகக் கூடுவது கடினம். கூடாமல் நிற்கும் முறிவின் சொரசொரப்பான விளிம்பில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மடக்கும் தசைநார்கள் தினமும் உரசும். மாதக்கணக்கில் கயிறு கல்லில் உரசுவதுபோல. என்னிடம் வந்த ஒருவர் பல மாதங்களாகக் கை வலியோடு விளையாடிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. வலி குறைந்திருந்ததால் குணமாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் தசைநார் அறுந்திருந்தது. முதலிலேயே வந்திருந்தால் சில வாரக் கட்டோடு முடிந்திருக்கலாம். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனது கேட்பதில்லை. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

வலது கட்டைவிரலால் இடது உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். மணிக்கட்டு மடிப்புக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் ஓரமாக ஒரு சின்ன உருண்டை எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து மோதிர விரலின் அடிப்பகுதியை நோக்கி ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நகர்த்தி அழுத்துங்கள். அங்கே சுள்ளென்று வலித்தால், அல்லது சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் குறுகுறுப்போ மரப்போ இருந்தால், எலும்பு மூட்டு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். கையைக் கவனிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. 'ஹேமேட் கொக்கி முறிந்திருக்குமோ என்று பார்க்க வேண்டும்' என்று நீங்களே சொல்லுங்கள். அழுத்தும்போது வலிக்கவில்லை என்றாலும் போங்கள். மூன்று வாரமாகப் பிடி பலமில்லாமல் இருப்பதே போதுமான காரணம். பார்க்கும்வரை கிளப்பை எடுத்து ஆடக் கூடாது.

முறிவு புதியது, விலகவில்லை என்றால் ஆறு வாரம்போல் கட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். கூடாவிட்டால் உடைந்த துண்டை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிடி பலம் நன்றாகவே திரும்பிவிடுகிறது. கோல்ஃப் வீரர் பிரைசன் டிசாம்போ 2022 ஏப்ரலில் இதே எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஜூன் மாதம் போட்டிக்குத் திரும்பினார். ஆகவே இது பயந்து தள்ளிப்போடும் விஷயம் அல்ல.

அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வலி என்பது அந்த எலும்பு உங்களுக்குத் தரும் ஒரே தகவல். அதை அணைத்துவிட்டு நூறு பந்து அடிக்கிறீர்கள். தவிர, நீங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அழற்சியைக் குறைக்கும் இந்த வகை வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் கெடுதல். வெயிலில் நான்கு மணி நேரம் வியர்த்து நடக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். யார் எழுதிக் கொடுத்தது என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். யாரும் இல்லை.

சரி, இப்போது முதுகு. இடுப்பைப் பூட்டிவைத்துத் தோளை மட்டும் 90 டிகிரி திருப்பினால் தூரம் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து மூன்று மாதமாகச் செய்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முதுகு வலியும் அதே மூன்று மாதமாகத்தான். கீழ் முதுகின் ஐந்து எலும்புகள் குனியவும் நிமிரவும் அமைந்தவை. திரும்புவதில் ஒவ்வொன்றும் ஓரிரு டிகிரிக்கு மேல் தராது. ஸ்விங்கில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டும் மேல் முதுகும்தான். இடுப்பைப் பூட்டினால் அந்தச் சுமை முழுவதும் கீழ் முதுகில் விழும். உங்கள் உடம்பு இருபது வயது ஆட்டக்காரருடையது அல்ல; அந்த வீடியோ யாருக்காக எடுக்கப்பட்டது என்பது அதில் சொல்லப்படவும் இல்லை.

பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, இடுப்பும் திரும்பட்டும். தேவைப்பட்டால் இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும். கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார், மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றார். நிற்கும்போதே இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பந்தை அடித்த பிறகு உடம்பு முழுவதும் அந்த இடது இடுப்பு மூட்டின் மேல்தான் சுழலும். அது இறுகியிருக்கிறதா என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். முட்டியை அசைக்காமல் பாதத்தை வெளிப்பக்கம் வீசுங்கள். வலது பாதம் போகும் தூரத்தைவிட இடது பாதம் கணிசமாகக் குறைவாகப் போனால், உங்கள் முதுகு வலியின் வேர் இடுப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சி போதும்.

ஃபோனில் எடுத்த ஸ்விங்கை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பத்துக் கோடு வரைய வேண்டாம். கை குணமான பிறகு முன்னாலிருந்து எடுத்து இரண்டே இடம் பாருங்கள். கிளப் உச்சிக்குப் போகும்போது பெல்ட் பக்கிள் பந்தை விட்டு நன்றாகத் திரும்பியிருக்கிறதா? முடிவில் உடம்பு பின்னால் வில்லாக வளையாமல், இடது காலில் நிமிர்ந்து மூன்று விநாடி நிற்க முடிகிறதா? முடிந்தால் முதுகு பிழைத்துக்கொள்ளும். கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்ட மற்றவை: தோளில் வலியில்லாமல் 'டக்' என்று சத்தம் வருவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கொப்புளம் புது கிளப் வாங்கிய எவருக்கும் வருவது. முழங்கையின் உட்புற வலி, பிடியை இறுக்கிப் பிடிப்பதால். தளர்த்துங்கள், கைக்கு ஓய்வு கொடுக்கும் வாரங்களில் அதுவும் அடங்கிவிடும்.

கை குணமானதும் பட்டிங்கிலிருந்து (குழியை நோக்கிப் பந்தை மெதுவாக உருட்டுவது) தொடங்குங்கள், அப்புறம் சின்ன சிப் (குறைந்த தூரத்துக்குப் பந்தை லேசாகத் தூக்கி அடிப்பது), கடைசியில்தான் முழு ஸ்விங். பயிற்சி விரிப்பைத் தவிர்த்து இயற்கைப் புல்லில் அடியுங்கள். பிடியை அரை அங்குலம் கீழே இறக்கிக்கொண்டால் கைப்பிடி முனை உள்ளங்கைக்கு வெளியே நிற்கும். மருத்துவரிடம் போகும்போது கிளப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முன்னால் மெதுவாகப் பிடித்துக் காட்டுங்கள். முனை எங்கே முட்டுகிறது என்பது பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும்.