வாசகர் கேள்வி பதில்: வெற்றிடங்களை நிரப்பிய முதல் ஜனாதிபதிகள்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, ஐக்கிய அமெரிக்காவின் தொடக்ககால ஜனாதிபதிகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் அரசியலமைப்பு 1787ஆம் ஆண்டிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, அந்த நாட்டை உருவாக்கியவர் என்று ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு ஏன் இவ்வளவு பெருமை?
உயர்தர வகுப்பு மாணவர், கிண்ணியா

பதில்: தம்பி, அந்த ஆவணத்தில் ஜனாதிபதியைப் பற்றிப் பேசும் இரண்டாம் உறுப்புரையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கால் மணி நேரம்கூடச் செல்லாது. ஜனாதிபதியை எவ்வாறு விளிப்பது, திணைக்களத் தலைவர்களை அவர் ஒன்றுகூட்டி ஆலோசிக்க வேண்டுமா, எத்தனை தடவை பதவி வகிக்கலாம் என்பவற்றுக்கெல்லாம் அன்று அதில் விடை கிடையாது. 1789 ஏப்ரல் 30ஆம் திகதி நியூயோர்க்கில் மேல்மாடம் ஒன்றில் நின்று சத்தியப்பிரமாணம் செய்த வாஷிங்டன், பின்னர் உள்ளே சென்று உரையை வாசிக்கையில் நடுங்கினார் என்றும், பீரங்கிகளுக்கு முன்னால்கூட அவர் அவ்வளவு கலங்கியதில்லை என்றும் அங்கிருந்த செனற் சபை உறுப்பினர் ஒருவர் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தாம் செய்வதெல்லாம் பின்வருவோருக்கு வழக்கமாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் எழுந்த சர்ச்சை பட்டத்தைப் பற்றியது. அரச குடும்பத்தினருக்குரிய அடைமொழியோடு 'சுதந்திரங்களின் காவலர்' என்பதையும் சேர்த்து அழைக்கலாம் என்று செனற் சபையின் குழு முன்மொழிய, துணை ஜனாதிபதி ஜோன் அடம்ஸும் பெரும் பட்டங்களுக்காக வாதாடினார். பிரதிநிதிகள் சபை அசையவில்லை. வெறும் 'ஜனாதிபதி' என்பதே நிலைத்தது. நம்மூர்க் கூட்டங்களில் தலைமை வகிப்பவரின் பெயருக்கு முன்னால் அடுக்கப்படும் பட்டங்களைக் கேட்டுப் பழகிய நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றாது.

அதைவிடச் சுவையானது அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி நடந்தது. உடன்படிக்கைகளைச் செனற் சபையின் ஆலோசனையோடும் இணக்கத்தோடும் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்ட வாஷிங்டன், தெற்கிலிருந்த பூர்வகுடிகளுடனான உடன்படிக்கை பற்றி ஆலோசனை கேட்க நேரிலேயே சபைக்குச் சென்றார். அடம்ஸ் ஆவணத்தை வாசிக்க, வெளியே ஓடிய வண்டிகளின் இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை, யன்னல்களைச் சாத்தினார்கள். பின்னர் உறுப்பினர்கள் இதனை ஒரு குழுவுக்கு அனுப்பலாம் என்றார்கள். தாம் வந்த நோக்கமே இதனால் கெட்டுவிடுகிறது என்று அவர் சினந்தார். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்து அலுவலை முடித்தாராயினும், அதன்பின் ஆலோசனை கேட்க அந்த வாசலை மிதிக்கவேயில்லை. உடன்படிக்கையை முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு சபையின் இணக்கத்தைக் கேட்கும் நடைமுறை வேரூன்றியதில் அந்த ஒரு நாள் எரிச்சலுக்குப் பெரும் பங்குண்டு. ஆலோசனைக்கு அவர் ஜெபர்சன், ஹமில்டன் முதலிய திணைக்களத் தலைவர்களையே நாடினார். அமைச்சரவை என்ற வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

ஆனால் என் கணிப்பில் அவர் செய்தவற்றுள் பெரியது, போனதுதான். மூன்றாம் தடவையும் வென்றிருக்கக் கூடியவர், 1796 செப்டெம்பரில் பிரியாவிடை உரையைப் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டு, 1797 மார்ச்சில் பதவியை அடம்ஸிடம் ஒப்படைத்துத் தமது தோட்டத்துக்குத் திரும்பினார். அடம்ஸ் 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியினரான ஜெபர்சனிடம் தோற்று, அவருடைய பதவியேற்பு நாளில் விடியுமுன்பே வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். விழாவுக்கு நிற்காதது குறைதான். ஆயினும் படையைக் கூப்பிடாமல் போனாரே, அதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஜெபர்சனும் இரண்டு தடவையோடு விலகவே அது மரபாயிற்று. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதனை மீறும்வரை எந்தச் சட்டமும் அதற்குத் தேவைப்படவில்லை; 1951இல்தான் திருத்தம் வந்தது. நமது நாட்டிலோ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருந்த இரண்டு தடவை எல்லையை 2010இல் பதினெட்டாம் திருத்தம் நீக்கியதும், 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் மீட்டதும் உங்களுக்குத் தெரிந்தவையே.

கேள்வி: அமெரிக்காவின் சுதந்திரத்துக்கும் நமது திருகோணமலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
ஓய்வுபெற்ற துறைமுகப் பணியாளர், சீனக்குடா

பதில்: உண்டு ஐயா, நேரடியாகவே உண்டு. அமெரிக்கர்களோடு ஒல்லாந்தர் நடத்திய வணிகம் முக்கிய காரணங்களுள் ஒன்றாக, 1780 டிசெம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தின் மீது போர் அறிவித்தது. அதன் விளைவாக 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் இங்குள்ள கோட்டையையும் ஒஸ்ரன்பேர்க் என்ற மற்றைய கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கர்களின் கூட்டாளியான பிரான்சின் தளபதி சப்ரென் அவற்றைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரு கடற்படைகளும் நமது கடலிலேயே மோதின. சமாதானத்தின்போது திருகோணமலை ஒல்லாந்தருக்குத் திரும்பியது, நாகப்பட்டினம் பிரித்தானியரிடம் தங்கிவிட்டது.

இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. 1793இல் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் மீண்டும் போர் மூண்டபோது, பழைய நண்பனுக்காக இறங்க வேண்டும் என்ற கூச்சலுக்கு நடுவில் வாஷிங்டன் நடுநிலையை அறிவித்தார். இளம் நாடு போரைத் தாங்காது என்பது அவரது கணக்கு. அதே போரில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றியதால், 1795 ஆகஸ்டில் பிரித்தானியர் மீண்டும் இங்கு இறங்கினார்கள். விலகி நிற்கும் வசதி அமெரிக்காவுக்கு இருந்தது. இத்தகைய துறைமுகத்தை வைத்திருந்த நமக்கு எங்கே இருந்தது?

கேள்வி: அடிமைகளை வைத்திருந்தவர்களைச் சுதந்திரத்தின் தந்தையர் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
ஆசிரியை, உப்புவெளி

பதில்: மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், ஆசிரியை அவர்களே. முதல் ஐந்து ஜனாதிபதிகளில் அடம்ஸ் ஒருவரே அடிமை வைத்திராதவர். ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை உடைமையாக வைத்திருந்தார்.

ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணின் கதையிலிருந்து தொடங்கலாம். அன்றைய தலைநகரான பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியா மாநிலத்தில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதங்கள் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம். அந்தக் காலக்கெடு நிறையாதபடி வாஷிங்டன் குடும்பத்தினர் தம் அடிமைகளை இடையிடையே மாநிலத்துக்கு வெளியே அனுப்பி வந்தனர். 1796இல், வீட்டார் இராப்போசனத்தில் இருந்த வேளையில், ஓனா வெளியேறி நியூ ஹம்ப்ஷியருக்குத் தப்பிச் சென்றார். பிரியாவிடை உரை வெளியான அதே ஆண்டில், அவரைத் திரும்பப் பிடித்துவர வாஷிங்டன் முயன்றுகொண்டிருந்தார். ஓனா அகப்படவில்லை, 1848இல் இறக்கும்வரை சட்டப்படி விடுதலையும் பெறவில்லை. வாஷிங்டன் தமது இறுதி விருப்ப ஆவணத்தில் தமக்கே உரிய 123 பேரையும், மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்கும்படி எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள்.

கேள்வி: மூன்று ஜனாதிபதிகள் ஒரே திகதியில் இறந்தது உண்மையா?
வாசகி, மூதூர்

பதில்: உண்மை. ஜெபர்சனும் அடம்ஸும் 1826 ஜூலை 4ஆம் திகதி, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று இறந்தார்கள்; முன்னவர் நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக, பின்னவர் மாலையில். ஐந்தாவது ஜனாதிபதி மன்றோ 1831இல் அதே திகதியில் காலமானார்.