எயார் ஃப்ரையரில் ஸ்பகெட்டிப் பூசணி: கேட்டவற்றுக்குப் பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் ஸ்பகெட்டிப் பூசணியை, அதாவது வெந்ததும் சதை நூல் நூலாகப் பிரியும் பூசணியை, சூடான காற்றில் சமைக்கும் எயார் ஃப்ரையரில்தான் சமைக்கிறோம் என்று சொன்னதும் ஆளுக்கொரு கேள்வி வந்துவிட்டது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அக்கா, மகன் கொழும்பில் இருந்து ஒரு காய் கொண்டுவந்தான். நம்மட பூசணி மாதிரித் துண்டு போட்டு அவித்தேன், களியாகிவிட்டது. நூலைக் காணவே இல்லை.

பதில்: நூல் இருந்தது தங்கச்சி, துண்டு போட்டதில் அறுந்துபோனது, மிச்சம் தண்ணீரில் குழைந்துவிட்டது. இந்தக் காயின் நார் காம்பிலிருந்து அடிவரை நேராக ஓடாது, இடுப்பைச் சுற்றி வளையமாக ஓடும், அதனால் நெடுக்காகப் பிளக்காமல் குறுக்காக வெட்டினால்தான் நூல் நீளமாக வரும். விதையைச் சுரண்டி, உள்ளே உப்புத் தடவிக் கால் மணித்தியாலம் வையுங்கள், நீர் விடும். அதைத் துடைத்து எண்ணெய் பூசி, வெட்டிய பக்கம் கீழே இருக்க 180 பாகை செல்சியஸில் 25 நிமிடம், இது 1 கிலோ காய்க்கு. 20 நிமிடத்திலேயே முள்ளுக்கரண்டியால் சுரண்டிப் பாருங்கள். நூல் பிரிய வேண்டும், ஆனால் கடிபட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் திரும்பவும் களிதான்.

அக்கரைப்பற்றிலிருந்து: தோல் கல்லுப் போல, கத்தி வழுக்கி விரலில் வெட்டிவிட்டது.

பதில்: முதலில் விரலைப் பாருங்கள். அடுத்த முறை முழுக்காயைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆழமாகக் குத்தி மைக்ரோவேவில் 3 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு வெட்டுங்கள். குத்தாமல் வைக்கவே கூடாது, உள்ளே ஆவி அடைபட்டுக் காய் வெடிக்கும்.

கல்முனையிலிருந்து: எங்கள் எயார் ஃப்ரையரின் கூடை சின்னது, பாதிக்காய் கொள்ளாது.

பதில்: 3 சென்ரிமீற்றர் தடிப்பில் வளையமாக வெட்டி ஒரே அடுக்காக வையுங்கள், 15 நிமிடத்தில் பாருங்கள்.

காத்தான்குடியிலிருந்து: தக்காளி சோஸ் போட்டால் பிள்ளைகள் தொடவே இல்லை அக்கா, வேறு எதோடு கொடுக்கலாம்?

பதில்: வாவி இறாலோடு கொடுத்துப் பாருங்கள். உள்ளி, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இறாலும் கொச்சிக்காய்த்தூளும் போட்டு நீர் வற்றும்வரை பிரட்டி, கடைசியில் நூலைப் போட்டு ஒரே நிமிடம். இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி. பார்க்க இடியப்பம் மாதிரி இருக்கிறதே என்று நான் சொதி ஊற்றியும் பார்த்தேன், சரிவரவில்லை, நூலே நீர் விடுவதால் எல்லாம் சப்பென்று போய்விடும். மாசிச் சம்பல் நன்றாகச் சேரும்.

செங்கலடியிலிருந்து: அப்பாவுக்குச் சீனி வருத்தம், கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். வெந்த நூல் ஒரு கோப்பையில் மாச்சத்து 10 கிராம் அளவுதான், அதே அளவு கோதுமை ஸ்பகெட்டியில் 40 கிராமுக்கு மேல். இன்சுலின் போடுகிறவர் என்றால், சோற்றை நிறுத்தி இதைக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் சொல்லுங்கள், சீனி சட்டென்று இறங்கக்கூடும்.

திருக்கோவிலிலிருந்து: போன காயின் விதையை நட்டு வந்த காய் கசக்கிறது, உப்புப் போட்டு அவித்தால் போகுமா?

பதில்: போகாது, சாப்பிடவே வேண்டாம். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள், சமைத்தாலும் அழியாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வேறு இனத்தின் மகரந்தம் கலந்த விதையில் இப்படி வருவதுண்டு. வெட்டியதும் ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். அந்தக் கொடியின் விதையையும் எடுத்து வைக்காதீர்கள்.