படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்

கேள்வி: வயது 34. கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மாதமாக ஒரு நாவல் எழுதுகிறேன், இருபது பக்கத்தைத் தாண்டவில்லை. எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. நீல மை ஊற்றிய ஒரே பேனாவில்தான் எழுதுவேன். கோடு போடாத தாள் வேண்டும். மேசை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கூடாது. சிறு சத்தம் கேட்டாலும் ஓட்டம் அறுந்துவிடும். அதனால் தினமும் இரவு எட்டரையிலிருந்து பத்தரை வரை என் மனைவி ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவரும் வேலைக்குப் போகிறவர். என்னைப் புரிந்துகொண்டவர், ஒன்றும் சொல்வதில்லை. பெரிய எழுத்தாளர்களுக்கும் இப்படி விசித்திரமான பழக்கங்கள் இருந்தனதானே? என் வேகத்தைக் கூட்ட இவற்றில் எதை மாற்றலாம்?

பதில்: தம்பி, பேனாவையும் தாளையும் விளக்கையும் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். படிக்கட்டைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி. அந்த வரியை விட்டு நான் நகரப்போவதில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தை தூங்க வேண்டிய நேரம் அது. பகலெல்லாம் வேலை பார்த்து வந்தவர் முதுகு சாய்க்க வேண்டிய நேரமும் அதுதான். மழை பெய்தால் இருவரும் எங்கே போகிறார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் என்ன செய்தார்கள்? ‘ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்’ என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. நீங்கள் அவரைக் கேட்டதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாததைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டீர்கள். வீட்டில் ஒருவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் உண்டு. எனக்கு வரும் கடிதங்களில் பெண்கள் முதலில் சொல்லும் காரணம் களைப்பு.

பெரிய எழுத்தாளர்களின் பழக்கங்களைக் கேட்டீர்கள். ஷில்லர் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்களை வைத்திருந்தார். பால்சாக் இரவெல்லாம் காபி குடித்துத் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். நீங்கள் படிக்க வேண்டியது ஆந்தனி டிரோலப்பின் பழக்கத்தை. இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபடியே எழுதியவர், மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். காலையில் காபி கொடுத்து எழுப்ப ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதலாகக் கொடுத்தார் டிரோலப். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக உணர வேண்டும் போலிருக்கிறது என்று, 1883-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதிவைத்தார். ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதியதையும், அதை மனைவி பிரதியெடுத்துக் கொடுத்ததையும் அவரே சொல்கிறார். யார் உழைப்பில் தன் நாவல்கள் வந்தன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். விடுமுறை, உடம்பு முடியாத நாள் எல்லாம் கழித்து 200 இரவுகள் என்று வையுங்கள். இரவுக்கு இரண்டு மணி நேரம், ஆக 400 மணி. வந்தது 20 பக்கம். நீங்கள் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர்கள் இருவரும் 20 மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாவல் நகராததற்கும் இதுதான் காரணம் என்பேன். வீட்டையே காலி செய்துவிட்டு உட்கார்ந்தால், எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த விலைக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். சுமாரான வரியை எழுதக் கை வராது. முதல் பிரதி சுமாரான வரிகளில்தான் எழும்பும். உங்களை எழுத விடாமல் வைத்திருப்பது குழந்தையின் சத்தம் அல்ல.

நாவலை நீங்களாக விரும்பி எடுத்துக்கொண்டீர்கள். குழந்தை நீங்கள் உலகத்துக்குக் கொண்டுவந்த உயிர். இரண்டும் மோதும் இடத்தில் காத்திருக்க வேண்டியது நாவல். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை, எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி நாவல் எழுதியவர். ‘அம்மா’ என்று பிள்ளைகள் கூப்பிடுவதற்கு முன்னால் கிடைத்த விடியற்காலையைப் பயன்படுத்திக்கொண்டார். இருட்டில் எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு வெளிச்சம் வருவதைப் பார்ப்பார். அவருடைய சடங்கு அவ்வளவுதான். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, 1993-இல்.

இன்றிரவே படிக்கட்டை நிறுத்துங்கள். எட்டரைக்குக் குழந்தையை நீங்களே தூங்க வையுங்கள். தினமும், விருந்தாளி வந்த நாளிலும். காலையில் வீடு எழுவதற்கு முன் முக்கால் மணி நேரம் எழுதுங்கள். அந்த நேரத்தில் குழந்தை விழித்துக்கொண்டால் எழுந்து போய்த் தூக்க வேண்டியவர் நீங்கள். சத்தம் தாங்காது என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போக வேண்டியவரும் நீங்கள்தான். முந்தின நாள் எழுதியதை முதலில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே பேனாவை மூடுங்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே அப்படித்தான் செய்தார். மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டி வராது. எந்தப் பேனா, எந்தத் தாள் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் குழந்தை உங்களோடு. அந்த நேரம் உங்கள் மனைவியுடையது. தூங்கட்டும், வெளியே போகட்டும், சும்மா இருக்கட்டும், என்ன செய்தார் என்று விசாரிக்காதீர்கள். எட்டு மாதத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மூன்று மாதம் இப்படி இருந்தும் நாவல் நகரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்த இருபது பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.