கயிறு உடையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் ஏழாம் வகுப்பு. சொல்வளம் போதவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். ஆறு மாதமாக அகராதியை வரிசையாக எடுத்து, தினமும் 10 சொல், ஒவ்வொன்றையும் பொருளோடு 5 தடவை எழுதவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஏமம் என்றால் குற்றம், ஏதம் என்றால் பாதுகாப்பு என்று மாற்றி எழுதுகிறான். கட்டுரையில் இந்தச் சொற்கள் ஒன்றுகூட வருவதில்லை. நல்ல செயலி ஏதாவது இருக்கிறதா? கதைப் புத்தகம் படித்தால் தானாக வந்துவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

செயலி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுங்கள். கதைப் புத்தகம் கட்டாயம் படிக்கட்டும். ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அதுவரை நடந்த 20 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்கள் 100 என்றால் அவற்றில் 15 போலத்தான் மனதில் தங்குகின்றன என்றது. மிச்சம் 85 இன்னொரு பக்கத்தில், இன்னொரு புத்தகத்தில் மறுபடி வந்து கதவைத் தட்ட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுதான் என்னைக் கோபப்படுத்தியது. ஏதம், ஏமம் – முதல் எழுத்தும் ஒன்று, கடைசி எழுத்தும் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து எழுதவைத்தால் நானும் மாற்றித்தான் எழுதுவேன். பையனைக் குறை சொல்லாதீர்கள்.

இதே நினைப்பில்தான் ஒரு வாரமாக இருக்கிறேன். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். தேடுகிறவனுக்கு அது பெரிய உபகாரம். கற்கிறவனுக்கு? அதற்கு முந்தைய நிகண்டுகள் பலவற்றில், அதாவது செய்யுளாகச் சொற்பொருள் சொன்ன நூல்களில், மரத்தின் பெயர்கள் ஓரிடம், விலங்கின் பெயர்கள் ஓரிடம், செயலும் ஒலியும் தனித்தனி. சொற்கள் சொந்தக்காரர்களோடு குடியிருந்தன. (அதையும் மனப்பாடம்தானே செய்தார்கள் என்பீர்கள். செய்தார்கள். பாட்டாக, கூட்டத்தோடு.)

ஏழாம் வகுப்பில் நான் ஒரு கட்டுரையில், ‘கயிறு உடைந்து வாளி கிணற்றில் விழுந்தது’ என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் அடிக்கவில்லை. மறுநாள் ஒரு துண்டு நூல், ஒரு ஈர்க்கு, பழைய தாள், சாக்கட்டி எல்லாம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, “உடைடா” என்றார்.

நூலை இழுத்தேன். “என்ன ஆச்சு?” “அறுந்துபோச்சு சார்.” ஈர்க்கு? ஒடிந்தது. தாள்? கிழிந்தது. சாக்கட்டியில்தான் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் உடைந்தது என்றார்கள், பாதிப் பேர் ஒடிந்தது என்றார்கள். அவர் அதைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, “இப்போ?” என்றார். நொறுங்கியது. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

அன்று நான் புதுச் சொல் ஒன்றுகூடக் கற்கவில்லை. அத்தனையும் என் வாயில் ஏற்கெனவே இருந்தவை. பேனா பிடித்ததும்தான் எல்லாவற்றுக்கும் ‘உடைந்தது’ ஒன்றே வந்தது. உங்கள் பையனிடமும் இதே சொற்கள் இருக்கும். அவற்றை எடுத்துப் புழங்கச் சொல்லாமல் ஏமத்தை ஏன் அம்மா அவன் தலையில் ஏற்றுகிறீர்கள்? அதற்கும் ஒரு நாள் வரும். ஒரு செய்யுளில் யாரோ காவல் இல்லாமல் நிற்கும்போது அந்தச் சொல் வந்தால், 5 தடவை எழுதாமலே நிற்கும்.

சுவர் இடிகிறது, விறகு பிளக்கிறது, கிளை முறிகிறது, தையல் பிரிகிறது, காரை உதிர்கிறது. இத்தனையும் ‘ஒன்றாக இருந்தது ஒன்றாக இல்லை’ என்ற ஒரே சேதிதான். பொருளின் உடம்பு எப்படியோ அப்படி வினை. கையில் பிடித்துப் பார்க்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்த வாரம் நீர் போகும் விதங்களை எடுங்கள்: சொட்டுவது, கசிவது, ஒழுகுவது, வழிவது, பீறிடுவது. குழாயடியில் நின்றே பாதியைக் காட்டிவிடலாம். பொருள் எழுதச் சொல்லாதீர்கள். ‘கசிவதற்கும் ஒழுகுவதற்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், எதிர்த்து வாதாடுங்கள். அந்த வயதில் பெரியவர்களோடு வாதாட யாருக்குத்தான் பிடிக்காது!

வாத்தியார் அன்று வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி போட்டார். மனசு உடைகிறது, நொறுங்குகிறது, ஒடிந்தும் போகிறது. சரி, உறவு அறுந்தது, உறவு முறிந்தது – இரண்டும் ஒன்றா? நாளைக்குச் சொல்லுங்கள் என்றார். மறுநாள் நான் ஏதோ சொன்னேன், அவர் தலையசைக்கவில்லை. உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.