கையெழுத்துக்கு முன்னால் எக்ஸ்ரே

கேள்வி: கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பயிற்சியில் எனக்கு இது நான்காவது சோலோ, அதாவது தனியாகப் பறந்தது. இறங்கும்போது தரையில் பட்டு எழும்பியது. பதறி ஸ்டிக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளினேன், இரண்டாம் முறை ‘டமால்’ என்று விழுந்தது. டயர் வெடித்துவிட்டது. சக்கரக் கூட்டுக்குப் பின்னால் முடி போல ஒரு கீறல். ‘என் கவனக்குறைவே காரணம், செலவை ஏற்கிறேன்’ என்று எழுதிப் பயிற்சி நிலையத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்சூரன்ஸை முடித்துத் தருவதாக ஒருவர் தினமும் போன் செய்கிறார். முதுகில் லேசான வலி, மற்றபடி நலம். என்ன செய்வது?

பதில்: கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே முதுகுவலி, அதுதான் முதல் வேலை. இன்றே எக்ஸ்ரே எடுங்கள். கிளைடரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். அடி நேராக முதுகெலும்புக்குப் போகிறது. மார்பும் இடுப்பும் சேருமிடத்தில் எலும்பு நசுங்கியும் நடமாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள்: காற்று, வேகம், ஏர்பிரேக் (இறங்குவதற்கு இறக்கையில் திறக்கும் தடுப்பு) எவ்வளவு திறந்திருந்தது, எங்கே பட்டது. ஸ்டிக்கைத் தள்ளியதையும் மறைக்க வேண்டாம். காரணம் என்ன, யார் தவறு என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் இறங்கிக்கொண்டதும் கிளைடர் இலேசாகிவிடும், தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். நீங்கள் ஒல்லியானவரா? காக்பிட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச எடைக்கு ஈடாக எடைக்கட்டி வைத்தார்களா? வைக்காவிட்டால் எடை மையம் பின்னால் போய், ஸ்டிக்கை லேசாக அசைத்தாலே மூக்கு துள்ளும். அதைச் சரிபார்த்து உங்களைத் தனியாக அனுப்ப வேண்டியவர் இன்ஸ்ட்ரக்டர். அதைக் கேட்க அவர்கள் நீட்டும் தாளில் ஒரு கட்டம்கூட இருக்காது. ‘விமானி தவறு’ என்பதற்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள்! பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகளின் 13ஆம் இணைப்போ, விசாரணை பழி சுமத்துவதற்கல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதற்கு என்கிறது. யார் அதைப் படிக்கிறார்கள்?

‘டயர்தானே, இது விபத்தே இல்லை’ என்பார்கள். அதே 13ஆம் இணைப்பில் அப்படியொரு விலக்கு இருப்பது உண்மைதான். டயர், பிரேக், சக்கரம், வெளித்தோலில் சின்ன நசுங்கல், இவற்றோடு சேதம் நின்றால் விபத்துக் கணக்கில் வராது. நின்றால்! டயரை வெடிக்க வைத்த அடி அதற்கப்புறம் எங்கே போயிற்று? அந்த முடிக்கீறல் மேல்பூச்சோடு நிற்கலாம்; அடியில் உடற்கூட்டின் இழைகள் பிரிந்தும் இருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. உரிமம் பெற்ற பராமரிப்பாளர் சக்கரக் கூடு, இறக்கை இணைப்பு, வால் தண்டு எல்லாம் பார்த்து எழுதித் தரும்வரை அது பறக்கக் கூடாது. ‘ஃபில்லர் வைத்துத் தேய்த்தால் தெரியாது’ என்பவரைக் கிளைடர் பக்கமே விடாதீர்கள். எலும்பு முறிவு தெரிந்தாலோ, சேதம் உடற்கூட்டுக்குள் போயிருந்தாலோ இது விபத்துதான். அறிக்கை போயாக வேண்டும்.

இன்சூரன்ஸ் ஆசாமி? போனை எடுக்காதீர்கள். பாலிசி கிளைடரின் உரிமையாளர் பெயரில் இருக்கும். அதில் இவருக்கு என்ன வேலை? உங்கள் கையெழுத்து விழுந்த வெற்றுத் தாள்தான் இவர் சரக்கு. பாலிசி நகலை நீங்களே கேட்டு வாங்கி, சோலோ மாணவருக்குப் பொருந்துமா என்று ஒரு வரியைத் தேடுங்கள். தகவல் தர கெடு இருக்கும், அதையும் பாருங்கள்.

கீறலை இன்றே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். நாளை அங்கே புதுப் பெயின்ட் இருக்கலாம்.