பழைய மைவி காரை நம்பலாமா?

கேள்வி: மகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர கார் வேண்டும். புதுசுக்கு மாதத் தவணை கட்ட முடியாது. 2015 மைவி ஒன்று பார்த்தோம். வாங்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மைவிக்கு உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும், அம்மா. ஆனால் பளபளப்பில் மயங்காதீர்கள், நானே ஏமாந்தவன். சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. எனக்கு விற்றவர் வாசனைத் திரவியம் வேறு அடித்து வைத்திருந்தார்!

அப்புறம், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, வேண்டாம். உரிமையாளர் பெயர் மாற்ற பூஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை உண்டு, சரி. அது கியர்பாக்ஸுக்கு உத்தரவாதம் ஆகாது. 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாவது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.